பாலாடாவில் இரவு இரண்டு மணி

இரவு ஒன்றேமுக்காலுக்கு
ரோஸ்லினின் பிடியிலிருந்து
என் ஸ்வெட்டர் நுனியை உருவிக்கொள்வேன்,
ஒவ்வொரு விரலாக.
சுண்டுவிரல்தான் கடைசிவரை விடாது.

வெளியே பூட்டுவதா
அவளையே உள்தாழ் போடச் சொல்வதா என்று
மூன்று மாதம் எனக்குள் வழக்கு நடந்தது.
தீப்பிடித்தால்?
கரடி வந்தால்?
தீர்ப்பு வரவில்லை.
வெறுமனே சாத்திவிட்டு
வாசல் பல்பை எரியவிட்டுப் போகிறேன்.

மெஷின் உருளும்.
உறைபனி மாதங்களில்
முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு
கை என்னுடையதில்லை.
மண் நீங்கிய கேரட்டுகள்
விரல் விரலாக வந்து விழும்.
எதையும் நினைக்காமல் மூட்டை பிடிப்பேன்.

அதே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு
மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது
அமல்ராஜின் லாரி.
அவர் ராத்திரியில் போனால் பிழைப்பு.
நான் போனால் பேச்சு.

பால் சொசைட்டி வரிசையில் ஜெபகனி அக்கா
என் காதுக்கு எட்டும்படி அளந்து ஊற்றுவார்:
"பொட்டப்புள்ளய தனியா போட்டுட்டு
நடுராத்திரியில அப்படியென்ன சம்பாத்தியம்?"
அந்த அளவு ஒருநாளும் குறைந்ததில்லை.
பாலில்தான் குறையும்.

நானும் யோக்கியமில்லை.
எதிர்வீட்டு பிரமிளாவை
எத்தனை நாள் வெற்றிலையாக மென்றிருக்கிறேன்.
எம்.காம். படித்தவள்.
ஊட்டியில் கூட்டுறவு வங்கியில்
கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து
எங்கள் பணத்தை எண்ணிக் கொடுத்தவள்.
இரட்டைப் பிள்ளை பிறந்ததும்
எழுதிக் கொடுத்துவிட்டு வந்து
பத்து மணி வெயிலில் துணி மடிக்கிறாள்.
"கொடுத்து வச்ச மகராசி" என்பேன்,
உள்ளே ஒரு முள்ளை வைத்து.
"படிப்ப அடுப்புல போட்டு எரிக்கிறா" என்று
ஒருநாள் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.
ஆறு பேர் சிரித்தார்கள்.
கூலியோடு அந்தச் சிரிப்பையும் முடிந்துகொண்டு
மேடேறினேன்.

தை மாதம், ஒரு வியாழன்.
ஆறரை மணி.
பல்பு எரிகிறது. கதவு திறந்து கிடக்கிறது.
பாயில் ரோஸ்லின் இல்லை.

அடுத்த ஐந்து நிமிடத்தைச் சொல்ல எனக்கு வராது.
காலில் கம்பூட்ஸ் இருந்ததா
கழற்றி எறிந்தேனா, அதுகூடத் தெரியாது.

பிரமிளா வீட்டில் இருந்தாள்.
மூன்று மணிக்குக் காய்ச்சலோடு எழுந்து
என்னைத் தேடிப் பனியில் இறங்கியவளை,
ஒரு பிள்ளையைத் தோளில் போட்டு
கூடத்துக்குள் நடை அளந்துகொண்டிருந்த பிரமிளா
ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள்.

இப்போது கேட்பாள் என்று நின்றேன்.
எது கேட்டாலும் நியாயம்.
பதிலுக்கு நாலு வார்த்தை
என்னிடம் மூன்று வருடமாகத் தயாராக இருந்தது.

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.
நெற்றியைத் தொடப்போய்
கையை இழுத்துக்கொண்டேன்.
ஐஸ்கட்டி இது.
தினமும் காலையில் பட்டதும்
சிணுங்கி உதறுவாள்.
இன்று கண் திறக்காமலே
மணிக்கட்டைப் பிடித்து இழுத்து
நெற்றிமேல் வைத்துக்கொண்டாள்.
"இன்னொரு கை" என்றாள்.

உள்ளே இரட்டையரில் ஒன்று அழத் தொடங்கியது.
பிரமிளா உடனே எழவில்லை.
"கேரட்டுக்கு என்ன கூலி தர்றாங்க?"
என் முகத்தைப் பார்க்காமல்
மடித்த துவாலையை மறுபடி மடித்தபடி கேட்டாள்.
ஐம்பது ரூபாய் கூட்டிச் சொன்னேன்.
ஏனென்று தெரியவில்லை.

"அந்த இருட்டுல நடந்து போகும்போது
யாரும் அம்மான்னு கூப்பிட மாட்டாங்கல்ல?"

"கரடி இருக்கும்" என்றேன்.

சிரித்துவிட்டு அழுகையை நோக்கிப் போனாள்.
ஜெபகனி அக்காவுக்கு
இந்நேரம் விஷயம் போயிருக்கும்.
நான் அசையவில்லை.
ரோஸ்லினின் சூட்டில்
என் இரண்டு கைகளும்
எனக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.
இன்னும் கொஞ்ச நேரத்தில்
அவை உதவாது.